மெர்சி அத்தைக்கு ஒரு சைக்கிள் டவுசர்

தொம்மலூர், பெங்களூர்
வியாழக்கிழமை, மதியம் மூன்று

என் அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய மெர்சி அத்தைக்கு,

யாமினி எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று தெரியும். எந்த இடத்தில் நலமில்லை என்பதும் தெரியும்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் வந்த கவருக்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதைத் திறக்காதீர்கள். கையில் நூல் வெட்டும் டிரிம்மர் இருந்தால், இருக்கும், அதை ஜன்னல் மேல் வையுங்கள். தையல் மிஷினுக்கு உறை போடுங்கள். கட்டிலில் உட்காருங்கள். முடியாவிட்டால் நின்றுகொண்டே படியுங்கள். கடைசி வரி வரை. பிறகு திறக்கலாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போன் பிறந்த நாளிலிருந்து ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. போன முறை நான், "அத்தை, அதுக்கு உள்ள வேற எதுவும் போடாம போடணும்" என்று சொன்னபோது பதில் சொன்னவர் குணசேகர் மாமா. "எதுக்கு உள்ள எதும்மா?" என்றார். போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஒரு மரத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கடிதம். கவரின் மேல் "யாமினியின் ஜாதகம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். மாமா புத்தரைக் கும்பிடுகிறவர். ஜாதகம் என்றால் விரலைக்கூட வைக்கமாட்டார். என் அம்மாவின் தம்பியை எனக்குத் தெரியாதா.

விஷயம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அந்தப் பத்து மணியை இந்த வாரம் முழுவதும் ஒரு சுவர்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து மணிக்குப் பழனிச்சாமி என்கிற யாரோ ஒருவர் லக்கெரேவுக்கு வந்து உங்கள் சைக்கிளை வாங்கிக்கொண்டு போகப்போகிறார். பழைய சாமான் விற்கும் ஆப்பில் மாமா அதன் படத்தைப் போட்டுவிட்டார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிறகு இன்னொரு நாள் பேசும்போது, வருகிற ஆளும் ஒரு மாதிரியான ஆள் என்றீர்கள். வண்டிக்கு வெயில் எந்தப் பக்கம் படும், மழையில் நனைந்திருக்கிறதா, இதற்கு முன்னால் ஓட்டியவர் சந்தோஷமாக ஓட்டினாரா என்றெல்லாம் மாமாவைக் கேட்கிறாராம். "லூசா, கவிஞனா தெரில. ஆனா கேட்ட வெலை தர்றேங்கிறான்" என்று மாமா சொன்னாராம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கடைசியில், "வுடுடி. எனக்கு பஸ்ஸே போதும்" என்றீர்கள். அன்று ஸ்பீக்கர் அணைந்திருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

ஜனவரியில் நீங்கள் அந்த வண்டியை வாங்கினீர்கள். இளம்பச்சை. முன்னால் கூடை. கோலார் கோல்டு பீல்டில் பள்ளிக்கூடம் போக ஓட்டியதற்குப் பிறகு இப்போதுதான் என்றீர்கள். லக்கெரேயிலிருந்து பீன்யா கார்மென்ட்ஸ் கம்பெனி வாசல் வரை இருபது நிமிடம். நான் அன்று உங்கள் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தேன். நீங்கள் சட்னியைக் கரண்டியில் வைத்தபடி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அந்த இருபது நிமிஷம் என்னைய யாரும் கூப்புடமாட்டாங்கடி. வூட்ல அம்மா, மெர்சி, அத்தேன்னு ஒரு கும்பல். கம்பெனில செக்கரம்மா, செக்கரம்மான்னு ஒரு கும்பல். நடுவுல அந்த இருபது நிமிஷம் எனக்குப் பேரே இல்ல." எம்.ஏ.வில் இரண்டு வருடம் நான் தேடியது இதைத்தான். அங்கே கிடைக்கவில்லை. தேங்காய்ச் சட்னியோடு கிடைத்தது. இன்னொரு நாள் போனில், "ரோடெல்லாம் மரத்துலருந்து ரோஸ் பூ கொட்டிக் கெடக்குது. லாரி இன்னும் அதுமேல ஏறல. நான்தான் மொத ஆளு" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அன்று முழுவதும் அந்தச் சாலையிலேயே இருந்தேன்.

ஆறாவது வாரம் வலி ஆரம்பித்தது. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை என்பதால் பிழைத்தேன் என்றீர்கள். மாமா, "நாப்பத்தொம்பது வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார். லேத்தில் வேலை பார்க்கிறவர். எதையும் கடைந்து கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர். நீங்கள் என்னிடம் வந்தீர்கள். "நீ படிச்ச பொண்ணு. மெத்தை வச்ச சைக்கிள் டவுசர் இருக்காமே. பாத்து நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பு." எளிய வாக்கியம். ஐந்து வாரம் ஆகிறது.

முதல் வாரம் படித்தேன். அலுவலகத்தில் என் வேலை, ஆப்களில் வரும் பொத்தான்களுக்குத் தமிழ் எழுதுவது. சரி. வேண்டாம். பிறகு பார்க்கலாம். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே டவுசர்களைப் படித்தேன். உலகத்தில் எத்தனை விதமாக உட்காருகிறார்கள் தெரியுமா அத்தை, ஒரு மணிநேரம் உட்காருகிறவர்களுக்கு ஒரு மெத்தை, நாள் முழுவதும் உட்காருகிறவர்களுக்கு வேறொன்று, தோளில் பட்டி வைத்தது, பட்டி இல்லாதது, ஜெல், நுரை, நுரைக்குள் நுரை. நான் முதலில் இருப்பதிலேயே தடிமனானதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு தலையணை நல்லதென்றால் இரண்டு தலையணை இன்னும் நல்லது என்பது நம் குடும்ப நியாயம். பிறகு எந்த ஊர்ப் பெண்ணோ எழுதியிருந்தாள்: தடிமனைப் பார்க்காதே, அடர்த்தியைப் பார். கட்டைவிரலால் அழுத்து. விரல் சுலபமாக அடிவரை போனால் உன் எலும்பும் போகும். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தன. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு எலும்பு. அதன்மேல் ஒரு முழு வாழ்க்கை. மேலாளர் வந்து, "அந்த ரத்து பட்டன் என்னாச்சு யாமினி?" என்றார். "அடர்த்தி போதலை" என்றேன்.

அளவு எடுக்க ஒரு வழி போட்டிருந்தார்கள். இடுப்பளவு மட்டும் போதாது. உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியவேண்டும். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி, எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். உங்களுக்குச் சொல்வதற்குமுன் நானே பார்த்துவிடலாமென்று கீழே மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தேன். அறையில் இடமில்லை. மாடிப்படியில் விரித்து உட்கார்ந்தேன். வெயில் படிகளில் மடிந்து மடிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவள் எழுந்திருக்க மறந்துவிட்டேன். வீட்டு ஓனர் பாமா ஆன்ட்டி வந்துவிட்டார்.

"ஏன்மா, மனே காலி பண்றியா?"

"இல்ல ஆன்ட்டி. சும்மா உக்காந்திருக்கேன்."

"அட்டப்பொட்டி மேல யாரும்மா சும்மா உக்காருவாங்க?"

பெங்களூரில் அட்டைப்பெட்டிக்கு ஒரே அர்த்தம்தான் அத்தை, வீடு காலி. மறுநாள் மாலை என் அறையைக் காட்ட ஒரு புதுத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் மறுபடியும் படியில், அட்டை மேல். முந்தின நாள் குழி தெளிவாக விழவில்லை. கணவர் உள்ளே போய்க் குழாயைத் திறந்தார், சுவரைத் தட்டினார், ஜன்னலைச் சாத்தித் திறந்தார். மனைவி என் பக்கத்தில் நின்று இது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். யோசித்தாள். செருப்பைக் கழற்றினாள். "தள்ளுங்க, நானும் பாக்கறேன்." பிறகு பாமா ஆன்ட்டி, "அய்யோ தேவரே, என்ன பைத்தியம் இது" என்று தலையில் அடித்துக்கொண்டே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவரும். மூன்று பெண்கள், மூன்று அட்டை, ஆறு குழி. ஒல்லியான அந்தப் பெண்ணுக்குத்தான் அகலம் அதிகம். பாமா ஆன்ட்டிக்குத்தான் இருப்பதிலேயே குறைவு. அவர் நம்பவில்லை. இன்னொரு முறை உட்கார்ந்தார். இன்னொரு முறையும் குறைவு. "இத எங்க வீட்டுக்காரருக்கு எழுதிக் குடும்மா" என்றார். அறைக்குள்ளிருந்து கணவர், "தண்ணி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அரைமணி நேரம் எங்களுக்கும் பேர் இல்லை. கடைசியில் அறை சின்னது என்று அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது அவள் தன் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் வீட்டில் அட்டை தேடவில்லை. கம்பெனியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த கார்ட்டன் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். தனியாக உட்கார்ந்திருக்கலாம். தையல் லைனே உட்கார்ந்தது. பதினோரு பேர். சூப்பர்வைசர் முனிராஜ் ஓடிவந்து, "யாரும்மா கார்ட்டன் மேல? ஃபாரின் பையருக்குப் போறதும்மா அது! எழுந்திரிங்க, சீக்கிரம், பேகா பேகா!" என்று கத்த, நீங்கள் உட்கார்ந்தபடியே, "இருங்க சார், இப்ப எழுந்தா அளவு போய்டும்" என்றீர்களாம். அந்த இருபத்திரண்டு குழிகளும் இப்போது ஏதோ ஒரு குளிர் தேசத்தின் துறைமுகத்தில் இறங்கியிருக்கும். கையுறை போட்ட ஒருவர் தடவிப் பார்த்து ஒன்றும் புரியாமல் நிற்பார். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், பஸ்ஸில், தூங்கப்போகும்போது. உங்கள் அளவு கால் இஞ்ச் பிசகாமல் வந்து சேர்ந்தது. என் அளவும் அதுவேதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

கடைக்குப் போனேன். ராம்கி என்று ஒருவர். நரைத்த தாடி. சைக்கிள் ஓட்டி ஓட்டி முன்பக்கமாகவே வளைந்துபோன முதுகு.

"எத்தன கிலோமீட்டர் ரைடு மேடம்?"

"இருபது நிமிஷம்."

"போகவா, போய் வரவா?"

"போகும்போதுதான் முக்கியம்."

"புரியுது மேடம்" என்றார். புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆண்களுக்கானதையும் பெண்களுக்கானதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினார். பெண்களுக்கானதில் மெத்தை பின்னால் அகலம், முன்னால் குட்டை. நடுவில் தையல் ஓடக்கூடாது. தொடையைச் சுற்றிய எலாஸ்டிக் பிடிக்கவேண்டும், கடிக்கக்கூடாது. இடுப்பு பின்னால் கொஞ்சம் உயர்ந்திருக்கவேண்டும், குனிந்தால் முதுகு தெரியாமல். "நின்னு பாத்தா டயப்பர் மாதிரிதான் இருக்கும் மேடம். நின்னு பாத்து யாரும் வாங்கக் கூடாது. உக்காந்து பாருங்க" என்று கடையின் மூலையில் உருளை மேல் நிறுத்திவைத்த சைக்கிளைக் காட்டினார். ஏறினேன். மிதித்தேன். கண்ணாடிக்கு வெளியே தெரு, ஒரு இளநீர் வண்டி, ஒரு நாய். கொஞ்ச நேரத்தில் தெரு நகர ஆரம்பித்தது. சத்தியமாக. இளநீர் வண்டி பின்னால் போயிற்று. லக்கெரே சரிவு வந்தது. சாலை முழுவதும் ரோஸ். லாரி இன்னும் ஏறவில்லை. நான் நீங்களாக இருந்தேன், அல்லது யாராகவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ராம்கி, "மேடம், வேற கஸ்டமர் வெயிட் பண்றாங்க" என்றார். இறங்கினேன். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

அந்த டவுசரைத்தான் முதலில் அனுப்பினேன். மாமா கண்ணில் படவேண்டாமென்று கம்பெனி முகவரிக்கு. அது என் தவறு. ஆடை தைக்கிற கம்பெனியில் சாயங்காலம் கேட்டில் ஒவ்வொரு பெண்ணின் பையையும் திறந்து பார்ப்பார்கள், பீஸ் ஏதாவது வெளியே போகிறதா என்று. அதைச் சொல்லி நீங்கள் எத்தனை முறை திட்டியிருக்கிறீர்கள், அது எனக்கு நினைவே வரவில்லை. உங்கள் பையிலிருந்து லேபிளோடு புத்தம்புது டவுசர் வெளியே வந்திருக்கிறது. செக்யூரிட்டி கூப்பிட, முனிராஜ் வர, பின்னால் நூறு பெண்கள் பஸ் போய்விடும் என்று கத்த, நீங்கள் நிமிர்ந்து நின்று கேட்டீர்களாம்.

"சார், இது நம்ம பீஸா? நம்ம லைன்ல இப்டி ஒண்ணு என் டேபிளத் தாண்டிப் போவுமா? பேடப் பாருங்க. அகலமா கீறது பின்னாடி, குட்டையா கீறது முன்னாடி. எவனோ திருப்பி வச்சி அடிச்சிக்கீறான்!"

முனிராஜ் வாங்கிப் பார்த்தாராம். "ஹௌதம்மா, ஆமா. ரிஜெக்ட் பீஸ்தான்."

பத்தொன்பது வருடம் செக்கராக இருந்தவர் நூறு பேர் முன்னால் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டால் அது ரிஜெக்ட்தான். யாருக்கு மறுத்துப் பேசத் தைரியம் வரும். நீங்கள் அங்கேயே, பழக்கதோஷத்தில், பாக்கெட்டிலிருந்து குறை காட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து மூன்று இடத்தில் ஒட்டினீர்கள். வீட்டுக்கு வந்து மெத்தையைப் பிரித்து, முன்னதைப் பின்னாகவும் பின்னதை முன்னாகவும் திருப்பித் தைத்தீர்கள். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் ஓட்டினீர்கள்.

அந்த இருபது நிமிடத்தை நான் கற்பனை செய்ய விரும்பவில்லை.

இதெல்லாம் நேற்று முன்தினம் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னீர்கள். டவுசரைப் போட்டு ஓட்டிய அன்று எனக்கு வந்த சேதி ஒரே வரி. "டவுசரும் வேஸ்ட்டு. முன்னைக்கு ரெண்டு பங்கு வலி." அன்று மாலையே மாமா ஆப்பில் படத்தைப் போட்டுவிட்டார். நீங்கள் திருப்பி அனுப்பிய டவுசரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சண்டை போடுவதற்குத்தான் போனேன். ஆட்டோவில் வசனமெல்லாம் தயார் செய்திருந்தேன். ராம்கி அதை மேசையில் விரித்தார். உள்புறத்தை வெளிப்புறமாக்கினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இது எங்க தையல் இல்ல."

என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எங்க தையல் இவ்ளோ நல்லா இருக்காது." விரலால் ஓட்டிக்கொண்டே போனார். "ஒரு பிசிறு இல்ல பாருங்க. பேட் திரும்பி இருக்கு. ஆனா என்னா அழகா திரும்பி இருக்கு மேடம்! இந்த அம்புக்குறி என்னது?"

"எங்க அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல.

திருப்பித் தைத்ததை எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். புதிது ஒன்று வாங்கினேன். கடைக்கு ஆல்டரேஷன் வேலைக்கு உங்கள் நம்பர் வேண்டும் என்றார். கொடுக்கவில்லை. ஸ்பீக்கர்.

ஆகவே அத்தை, அது ரிஜெக்ட் இல்லை. உங்கள் கண்மேலும் தப்பில்லை. நீங்கள் பத்தொன்பது வருடமாகப் பார்ப்பது சட்டை. நிற்கிறவர்களுக்காகத் தைத்த துணி. நின்றபடி பார்க்கிறீர்கள். மேசை மேல் விரித்தால் அதன் நியாயம் தெரிந்துவிடும். இந்த டவுசர் மேசையில் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். குனிந்து உட்காரும்போதுதான் அது சரியாகிறது. உட்காரும் எலும்பு பின்னால் இருக்கிறது, பாரம் அங்கேதான் இறங்குகிறது, அதனால் அகலம் அங்கே. சில விஷயங்கள் அப்படித்தான் போலிருக்கிறது, விரித்துவைத்துப் பார்த்தால் கோணல், ஏறி உட்கார்ந்து போகும்போது நேர். இதை என் டைரியில் எழுதிவைத்தேன். கொஞ்சம் பெரிய பேச்சாகத் தெரிந்தது. உங்களுக்கு எழுதும்போது அப்படித் தெரியவில்லை.

இப்போது கவரைத் திறக்கும் முறை. கையால் திறங்கள். உள்ளே இருக்கும் புது டவுசரை ஒருமுறை தண்ணீரில் அலசி, நிழலில், உள்புறம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள், கம்ஃபர்ட் கிம்ஃபர்ட் எதுவும் ஊற்றாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், இஸ்திரிப்பெட்டியைக் காட்டவே காட்டாதீர்கள், உள்ளே வேறு எதுவும் போடவேண்டாம், மாமா அன்று கேட்டாரே அந்த எதுவும், அதைத்தான் சொல்கிறேன், தையல் உரசித்தான் பாதி வலி, மேலே உங்கள் தொளதொள சுடிதார் பேண்ட்டைப் போட்டுக்கொண்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது, சீட் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் சமமாக்கிவிடுங்கள், நடுநடுவே பெடல் மேல் எழுந்து நின்று ஒரு மூச்சு விடுங்கள், யாராவது பார்த்தால் பார்க்கட்டும், அப்புறம் முதல் நாலு நாள் லேசா வலிக்கத்தான் செய்யும் அத்தை, அது வேற வலி, அது பழகுற வலி, அதுக்காக ஸ்டிக்கர் எடுத்து ஒட்டிராதீங்க.

சனிக்கிழமை சாயங்காலம் போட்டுப் பாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மாமா எழுந்திருப்பதற்குள், பீன்யா வரை ஒருமுறை போய் வாருங்கள். வலிக்கவில்லையென்றால் பத்து மணிக்குள் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கமாட்டார். பழனிச்சாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பார். இரும்போடு இருந்து இருந்து அவருக்கு மனசும் அப்படியே ஆகிவிட்டது. எனக்கு இதில் மிகவும் வருத்தம். ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கலாம். கூடையைக்கூடச் சேர்த்துத்தான் படம் போட்டிருக்கிறார். கேட்காவிட்டால் வண்டியின் முன்னால் நின்றுவிடுங்கள். நிற்பதில் உங்களை யாரும் ஜெயிக்க முடியாது.

உங்கள் வீட்டு ஷெல்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவரையும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் இயேசு ஆட்டுக்குட்டியை ஏந்தி நிற்கிறார். நாள் முழுவதும் நிற்கிறவர்களின் கஷ்டம் அவருக்குத் தெரியும். மாமாவின் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். உட்காருவதைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும். இருவருமாகச் சேர்ந்து நீங்கள் நிற்கும்போதும் உட்காரும்போதும் துணையிருக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம். முனிராஜ் சாருக்கும்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே இதை எழுதி முடித்த
யாமினி

பி.கு.: கவரை ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்தேன்.

பழனிச்சாமி நான்தான் அத்தை.

மாமா படம் போட்டார் என்று நீங்கள் சொன்ன அன்றே ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதற்குள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பேர் வைத்துக்கொண்டு, மாமா சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டு, ஞாயிறு பத்து மணி என்றேன். மற்ற இருவரையும் அவர் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரப்போவதில்லை. ஆகவே மேலே அவசரப்படுத்தி எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். இன்னொன்று. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கடையில் நகராத வண்டியில் நாற்பது நிமிடம், அவ்வளவுதான் என் அனுபவம். என் அறிவுரைகளையும் அடித்துவிடலாம். மெத்தை விஷயம் மட்டும் உண்மை. அது ராம்கி சொன்னது.

மாமாவைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடுங்கள். அந்தக் கேள்விகளெல்லாம் அவரை இழுத்தடிக்கத்தான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அரை வரிதான் பதில் வரும். "தெரியல சார்." "வந்து பாருங்க சார்." நேற்று கடைசியாக, நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். ராத்திரி பதில் வந்தது. மாமா இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை.

"வண்டி மேல கொற இல்ல சார். ஓட்றவங்களுக்கு வலிக்குது. ஒரு வாரமா குப்புறதான் படுக்கறாங்க. கேட்டா ஒண்ணும் இல்லன்றாங்க. டெய்லி காலைல அவங்க போறத மாடிலருந்து பாப்பேன் சார், அவங்களுக்குத் தெரியாது. அந்த மூஞ்சி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப அது இல்ல. பாக்க முடியல சார்."

ஞாயிறு பத்து மணிக்குப் பழனிச்சாமி மாமாவுக்கு ஒரே ஒரு வரி அனுப்புவார். இப்போதே எழுதி வைத்துவிட்டேன்: "வண்டிய விக்காதீங்க சார். இனிமே வலிக்காது."

அது பொய்யாகாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது அத்தை. டிரிம்மர் இல்லாத கையில்.